பழைய எண் எங்கெல்லாம் ஒளிந்திருக்கும்: விமான மேனுவலைத் திருத்தும் முறை

மலேசியாவின் சுபாங் விமான நிலையத்தில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியின் ஹேங்கருக்கு மேலே சின்ன அறை ஒன்றில் எனக்கு வேலை. பள்ளியின் விமான மேனுவல்கள் எல்லாம் என் பொறுப்பு. தயாரிப்பாளரிடமிருந்து திருத்தம் வந்தால் புதுத் தாளைச் செருகி, பழையதை எடுத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பார்ப்பதற்குக் குமாஸ்தா வேலை மாதிரி இருக்கும். ஆனால் நடுவானில் என்ஜின் நின்றுபோனால் எந்த வேகத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அந்தத் தாளில்தான் இருக்கிறது. அதனால், இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தருவதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். சிறிய விமானங்களின் மேனுவல்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் இருக்கும். அமெரிக்கத் தயாரிப்பாளர்களின் சங்கமான காமா 1975-இல் வகுத்த அமைப்பு அது. மொத்தம் பத்துப் பகுதிகள். இரண்டாவது பகுதி வரம்புகள், மூன்றாவது அவசரகால நடைமுறை, நான்காவது வழக்கமான நடைமுறை, ஐந்தாவது செயல்திறன். ஒன்பதாவதில் கூடுதல் கருவிகளுக்கான இணைப்புகள், பத்தாவதில் பாதுகாப்புக் குறிப்புகள். எல்லாப் பக்கமும் ஒரே எடை கொண்டவை அல்ல. வரம்புகள் பகுதியில் இருப்பது விமானத்துக்குச் சான்றிதழ் கொடுத்த அரசு அமைப்பு ஒப்புதல் அளித்த வாசகம். அதை மீறிப் பறப்பது சட்டத்தை மீறுவது. பத்தாவது பகுதியில் இருப்பது பெரும்பாலும் தயாரிப்பாளரின் அறிவுரை. திருத்தம் எந்தப் பகுதிக்கு வந்திருக்கிறது என்று பார்த்தாலே அது எவ்வளவு அவசரம் என்று பாதி தெரிந்துவிடும்.

எந்தப் பகுதியாக இருந்தாலும் பேனாவை எடுத்து நீங்களாகத் திருத்தாதீர்கள். தப்பு கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும், சரியான எண் உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்தாலும் வேண்டாம். யார் எழுதினார்கள், எந்த அதிகாரத்தில் எழுதினார்கள் என்று அடுத்தவருக்குத் தெரியாத ஒரு எண்ணை விமானத்துக்குள் விட்டுவைக்கக் கூடாது.

திருத்தம் வந்ததும் முதலில் சீரியல் நம்பரைப் பாருங்கள். மேனுவலின் முதல் பக்கத்தில் விமானத்தின் சீரியல் நம்பரும், நம் நாட்டில் 9எம் என்று தொடங்கும் பதிவு எண்ணும் எழுதியிருக்கும். அந்தத் திருத்தம் எந்தச் சீரியலிலிருந்து எந்தச் சீரியல் வரை பொருந்தும் என்பதை அதனுடன் வரும் குறிப்பில் பாருங்கள். ஒரே ஹேங்கரில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு செஸ்னா 172, வெளியே பார்க்க இரட்டைப் பிள்ளைகள். உள்ளே மேனுவல் வேறு. 172ஆர் விமானத்தின் அதிகபட்ச எடை 2,450 பவுண்டு. 172எஸ் விமானத்துக்கு 2,550 பவுண்டு. என்ஜின் நின்றால் பிடிக்க வேண்டிய சறுக்கு வேகம் ஆர் மாடலில் 65 நாட் (விமான வேகத்தின் அலகு), எஸ் மாடலில் 68 நாட். ஆர் மாடலுக்கு வந்த தாளை எஸ் மாடலின் பைண்டரில் செருகினால், எந்த வளையமும் தடுக்காது. அழகாக உட்கார்ந்துகொள்ளும்.

அப்புறம் நடைமுறையில் உள்ள பக்கங்களின் பட்டியலை எடுத்து மேசையில் விரியுங்கள். மேனுவலின் முன்பக்கத்தில் இருக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் எந்தத் திருத்த எண் நடப்பில் உள்ளது என்று அதில் வரிசையாக இருக்கும். பக்கத்தின் அடியிலும் அதே விவரம் அச்சாகியிருக்கும். இரண்டையும் ஒன்றொன்றாக ஒத்துப் பாருங்கள், வந்த புதுப் பக்கங்களை மட்டுமல்ல, முழு மேனுவலையும். சலிப்பான வேலைதான். ஆனால் முன்பு எப்போதோ விட்டுப்போன ஒரு பக்கம் இந்த வேலையில்தான் அகப்படும். நம் ஊர் ஈரக்காற்றில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரண்டு தாளை ஒன்றாகப் புரட்டிவிட்டு நடுவில் உள்ளதைப் பார்க்காமல் போவது சாதாரணமாக நடப்பது. விரலால் தடவிப் பிரித்துப் பாருங்கள். வளையத் துளை கிழிந்த தாளுக்கு அங்கேயே துளை ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். நாளைக்கு அந்தத் தாள்தான் கீழே விழும்.

மாறிய இடத்தைக் காட்ட, பக்கத்தின் ஓரத்தில் செங்குத்தாகக் கறுப்புக் கோடு போட்டிருப்பார்கள். பலர் கோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தாளைச் செருகிவிடுவார்கள். நான் சொல்வது, கோடு உள்ள ஒவ்வொரு இடத்திலும் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். என்ன மாறியிருக்கிறது? எண்ணா, படிகளின் வரிசையா, ஒரு சொல்லா? குறிப்பாக நோட், காஷன், வார்னிங் என்ற மூன்று தலைப்புகளைக் கவனியுங்கள். நோட் என்றால் மனதில் வைக்க வேண்டியது. காஷன் என்றால் கருவி கெடலாம். வார்னிங் என்றால் ஆள் காயப்படலாம், உயிர் போகலாம். நேற்று வரை நோட்டாக இருந்த வரி இன்று வார்னிங்காக வந்திருந்தால், வாசகம் ஒரு எழுத்துகூட மாறாவிட்டாலும், அது பெரிய திருத்தம். எங்கேயோ ஏதோ நடந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மாறியவற்றை ஒரு தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: பழையது, புதியது, பக்க எண். இந்தத் தாள்தான் அடுத்த வேலைக்கு ஆதாரம். என்னைக் கேட்டால் இந்தத் தொழிலின் உயிரே அந்த அடுத்த வேலையில்தான் இருக்கிறது.

மேனுவலில் எண் மாறிவிட்டது, சரி. அந்தப் பழைய எண் வேறு எங்கெல்லாம் நகலாகப் போயிருக்கிறது? விமானத்துக்குள் இருக்கும் செக்லிஸ்ட், பயிற்சியாளரின் டேப்லெட்டில் உள்ள பி.டி.எஃப்., வகுப்பறைச் சுவரில் ஒட்டிய சார்ட், தேர்வுக் கேள்வித்தாள், சிமுலேட்டரில் கிடக்கும் அட்டை, மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் படம். வரம்பு மாறியிருந்தால் காக்பிட்டில் ஒட்டிய பிளக்கார்டும் (வரம்பைச் சொல்லும் அறிவிப்புப் பட்டை), வேகமானியில் உள்ள வண்ணக் கோடும்கூட மாற வேண்டியிருக்கலாம். அதற்கு என்ஜினியரிடம் எழுத்தில் கொடுங்கள். மேனுவல் சரியாக இருந்து அட்டை தப்பாக இருந்தால், அவசரத்தில் விமானி பார்க்கப்போவது அட்டையைத்தான்.

எஸ் மாடலில் பறக்கப் போன ஒரு மாணவரின் தொடைப்பலகையில் (தொடையில் கட்டிக்கொள்ளும் எழுதுபலகை) லேமினேட் செய்த அட்டை ஒன்றைப் பார்த்தேன். சறுக்கு வேகம் 65 என்று இருந்தது.

“இது எங்கே வாங்கினீங்க தம்பி?”

“சீனியர் அண்ணன் குடுத்தாருக்கா. பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு கடையில லேமினேட் பண்ணோம். எங்க பேட்ச்ல எல்லார்கிட்டயும் இதுதான் இருக்கு.”

“இது ஆர் மாடல் அட்டை. நீங்க ஏறப்போறது எஸ்.”

“மூணு நாட்தானேக்கா வித்தியாசம்?”

மூன்று நாட் வித்தியாசத்தில் விமானம் விழுந்துவிடாது, உண்மைதான். முழு எடையில் 65-ஐப் பிடித்தால் எட்ட வேண்டிய தூரத்தில் கொஞ்சம் குறையும், அவ்வளவே. ஆனால் அந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் இருந்த எடை, வேகம் எல்லாமே ஆர் மாடலுடையவை. முழு அட்டையே வேறொரு விமானத்துக்கு எழுதியது. அந்தத் தம்பி ஒரு கேள்வியும் கேட்காமல் அட்டையைக் கழற்றிக் கொடுத்தார். தலைமைப் பயிற்சியாளர் அன்றைக்கே எல்லாரையும் கூப்பிட்டு அட்டைகளை வாங்கிக்கொண்டார். அதன் பிறகு எங்கள் பள்ளியில் விமான எண்ணும் திருத்த எண்ணும் தேதியும் அச்சிடாத அட்டைக்கு இடமில்லை. நீங்கள் எங்கே வேலை செய்தாலும் இந்த ஒரு விதியையாவது கொண்டுவந்துவிடுங்கள். அட்டையில் திருத்த எண் இருந்தால், அது பழையதா புதியதா என்று யாரும் ஒரே பார்வையில் சொல்லிவிடலாம்.

எண்ணை நகலெடுக்கும்போது அலகை மாற்றி எழுதும் பழக்கத்தில் இன்னும் கூடுதலாகக் கவனம் வேண்டும். 172எஸ் மேனுவலில் பயன்படுத்தக்கூடிய எரிபொருள் 53 அமெரிக்க கேலன். நாம் எண்ணெய் நிரப்புவது லிட்டரில். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், ஆக 200 லிட்டரைக் கொஞ்சம் தாண்டும். இதையே பிரிட்டிஷ் கேலன் என்று எண்ணி 4.546-ஆல் பெருக்கி அட்டையில் எழுதிவிட்டால் 241 லிட்டர் வரும். தொட்டியில் இல்லவே இல்லாத 40 லிட்டர் அது, அந்த விமானத்துக்குச் சுமார் ஒரு மணி நேரப் பயணம். பெரிய நிறுவனங்களிலும் இது நடந்திருக்கிறது. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து, இரண்டு என்ஜினும் நின்று, கிம்லி என்ற இடத்தில் சறுக்கியே இறங்கியது. லிட்டரை எடையாக மாற்றும்போது கிலோவுக்கு உரிய 0.8-க்குப் பதிலாகப் பவுண்டுக்கு உரிய 1.77-ஐப் பயன்படுத்தியிருந்தார்கள். அலகு மாற்றிய எண் எதுவாக இருந்தாலும் இரண்டாவது ஆள் ஒருவர் தனியாகக் கணக்குப் போட்டுச் சரிபார்க்கட்டும்.

தற்காலிகத் திருத்தங்கள் வழக்கமாக மஞ்சள் தாளில் வரும். இப்போது பி.டி.எஃப். ஆக வருவதால், நாமே மஞ்சள் தாளில் அச்செடுத்துக்கொள்வது நல்லது. எந்தப் பக்கத்தைத் திருத்துகிறதோ அதற்கு எதிரே வைக்க வேண்டும், பைண்டரின் கடைசியில் அல்ல. வழக்கமான திருத்தம் வந்ததும், அது எந்தெந்தத் தற்காலிகத் திருத்தங்களை உள்வாங்கிக்கொண்டது என்று பாருங்கள். உள்வாங்கியதை எடுங்கள், உள்வாங்காததை அப்படியே விடுங்கள். புதுப் பக்கம் வந்துவிட்டதே என்று எல்லா மஞ்சளையும் உருவிப் போட்டுவிடாதீர்கள்.

ஒன்பதாவது பகுதியை மறக்காதீர்கள். ஆட்டோ பைலட்டோ வேறு கருவியோ பின்னால் பொருத்தியிருந்தால் அதற்கென ஒரு இணைப்பு இருக்கும். அந்தக் கருவி பொருத்திய விமானத்துக்கு, முரண்பாடு வரும் இடத்தில் இணைப்பு சொல்வதே செல்லும். நான்காவது பகுதியில் திருத்தம் வந்தால் இணைப்பிலும் அதே படி இருக்கிறதா என்று தேடுங்கள்.

பாதுகாப்புக் குறையைச் சரிசெய்ய அரசு அமைப்பு இடும் உத்தரவான ஏ.டி. எனப்படும் விமானத் தகுதி ஆணை வழியாக வரும் திருத்தத்துக்குக் கெடு உண்டு. 2018 அக்டோபர் 29 அன்று லயன் ஏர் போயிங் 737 மேக்ஸ் ஜாவா கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். நவம்பர் 7-ஆம் தேதி அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. 2018-23-51 என்ற அவசர ஆணையை வெளியிட்டது. 3 நாளுக்குள் மேனுவலின் வரம்புகள் பகுதியிலும் நடைமுறைப் பகுதியிலும் குறிப்பிட்ட வாசகத்தைச் சேர்க்க வேண்டும் என்பது உத்தரவு. ஒரே ஒரு சென்சார் தப்பாகக் காட்டினால் விமானத்தின் மூக்கு திரும்பத் திரும்பக் கீழே தள்ளப்படலாம், அப்போது என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. ஆனால் அப்படித் தள்ளிய எம்-காஸ் என்ற மென்பொருளின் பெயர் அதில் இல்லை. அடுத்த மார்ச் 10-ஆம் தேதி எத்தியோப்பியன் ஏர்லைன்ஸின் அதே வகை விமானம் விழுந்து 157 பேர் இறந்தார்கள். தாள் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதும் விமானிக்குப் போய்ச் சேர வேண்டும். நான் ஒவ்வொரு பாதுகாப்புத் திருத்தத்தோடும் ‘ஏன் மாறியது’ என்று இரண்டு வரி வைத்துத்தான் விமானிகளிடம் கையெழுத்து வாங்குவேன். காரணம் தெரியாவிட்டால் தலைமைப் பயிற்சியாளரிடம் கேட்பேன், அவருக்கும் தெரியாவிட்டால் தயாரிப்பாளருக்கு எழுதுவோம்.

சரி, மேனுவலிலேயே தப்பு இருப்பதாக உங்களுக்குப் பட்டால்? முதலில் நடப்புத் திருத்தத்தில்தான் பார்க்கிறீர்களா என்று உறுதிசெய்யுங்கள். பிறகு தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். மேனுவலின் பார்ட் நம்பர், திருத்த எண், பக்கம், விமானத்தின் சீரியல் நம்பர் நான்கும் வேண்டும். அந்தப் பக்கத்தில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதை அப்படியே எழுதுங்கள். எதோடு முரண்படுகிறது என்று இன்னொரு பக்கத்தையோ பிளக்கார்டையோ படத்தோடு காட்டுங்கள். எது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், இரண்டில் எது செல்லும் என்று கேளுங்கள். பதில் வரும்வரை விமானிகள் எந்த எண்ணைப் பின்பற்றுவது என்பதைத் தலைமைப் பயிற்சியாளர் எழுத்தில் அறிவிக்கட்டும், பாதுகாப்பான பக்கம் எதுவோ அந்தப் பக்கமாக. பறப்பின் பாதுகாப்பைத் தொடும் விஷயம் என்றால் காத்திருக்காமல் புத்ராஜெயாவில் உள்ள மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையமான சி.ஏ.ஏ.எம்.-க்கும் தெரிவியுங்கள். பழைய கோப்புகளில் டி.சி.ஏ. என்று இருக்கும், 2018-இல் அதன் இடத்துக்கு வந்தது சி.ஏ.ஏ.எம். விமானம் எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாடு கட்டாயமாக்கிய மாற்றங்களைப் பறப்பு மேனுவலில் சேர்த்தாக வேண்டும் என்று சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வின் ஒப்பந்தத்தின் 6-ஆம் இணைப்பு (அனெக்ஸ்) சொல்கிறது. நம் 9எம் விமானங்களுக்கு அந்த நாடு மலேசியா.

எடுத்த பழைய தாள்களை உடனே குறுக்காகக் கோடு போட்டு, ‘செல்லாது’ என்று எழுதி, அறையை விட்டு வெளியே போகாமல் கிழித்துவிடுங்கள். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று கிறுக்கல் தாளாக வைத்துக்கொள்ள யாராவது கேட்பார்கள். கொடுக்காதீர்கள். ஆதாரத்துக்கு ஒரு பிரதி வேண்டும் என்று உங்கள் நிறுவன விதி சொன்னால், அது பூட்டிய அலமாரியில் தனிக் கோப்பில் இருக்கட்டும், சாவி ஒருவரிடம் மட்டும். கடைசியாகத் திருத்தப் பதிவேட்டில் எண், தேதி, கையெழுத்து. நகல்கள் எல்லாவற்றையும் மாற்றி முடிக்கும்வரை அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள். கேப்டன் வாசலில் நின்று விமானம் தயாரா என்று கேட்டால், “இன்னும் இரண்டு அட்டை வர வேண்டியிருக்கு கேப்டன்” என்று சொல்லுங்கள்.