மங்காவில் பதற்றமான சீட்டாட்டக் காட்சி: 16 பக்கத்துக்கு ஒரு செய்முறை

மங்காவில், அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையில், வாள்சண்டை வரைவதில் ஒரு வசதி உண்டு. யார் வீசினார், யார் மேல் விழுந்தது என்பது பார்த்த உடனே தெரிந்துவிடும். சீட்டாட்டத்தில் அப்படி இல்லை. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து அட்டைகளைக் கீழே வைக்கிறார்கள், அவ்வளவுதான். நான் முதன்முதலில் எழுதிய சீட்டாட்ட அத்தியாயத்தில் நானே உண்டாக்கிய முப்பது சீட்டுகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு சக்தி, பக்கத்துக்கு நான்கு வரி விளக்கம். படித்துக்கொண்டிருந்த தோழி ஐந்தாம் பக்கத்தில் நிமிர்ந்து, "இப்போ யாரு ஜெயிச்சிட்டு இருக்காங்க?" என்று கேட்டாள். நான் கீழே சொல்லப்போகும் எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து கற்றுக்கொண்டதுதான்: சீட்டைத் திருப்புவதற்கு முன்பே, எது வந்தால் யாருக்கு என்ன ஆகும் என்பது வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவர்தான் பயப்படுவார்.

நாம் செய்யப்போவது 16 பக்க 'நேம்'. ஜப்பானில் மங்கா வரைபவர்கள் பென்சிலில் போடும் முதல் வரைவுக்கு அதுதான் பெயர்: கட்டங்கள், குச்சி மனிதர்கள், வசனம், அவ்வளவே. ஓவியம் வராது என்று தயங்க வேண்டாம். ஒரு பென்சில், எட்டு ஏ4 தாள், பாதியாக மடித்தால் போதும்.

படி 1: வாசகர் இரண்டே பக்கத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய ஆட்டத்தை எடுங்கள்

புது ஆட்டத்தைக் கண்டுபிடிக்க முதல் முயற்சியிலேயே இறங்காதீர்கள். நான் எடுத்துக்கொள்வது ஹனாஃபுடா, ஜப்பானின் பூச்சீட்டு. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர்கள் கொண்டுவந்த சீட்டுக்கட்டிலிருந்துதான் ஜப்பானியச் சீட்டாட்டங்களே கிளைத்தன, சீட்டுக்கு அவர்கள் சொல்லும் 'கருதா' என்ற சொல்லும் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்ததுதான். இன்று வீடியோ கேமுக்குப் பேர்போன நின்டெண்டோ, 1889இல் கியோட்டோவில் தொடங்கியபோது செய்தது இந்தப் பூச்சீட்டைத்தான்.

மொத்தம் 48 சீட்டு. 12 மாதம், மாதத்துக்கு ஒரு பூவோ மரமோ, ஒவ்வொன்றிலும் 4 சீட்டு. எண்ணே கிடையாது, படம் மட்டும்தான். மங்காவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இதில் ஆடும் 'கோய்-கோய்' என்ற இருவர் ஆட்டத்தின் விதி இவ்வளவுதான். ஆளுக்கு 8 சீட்டு, நடுவில் திறந்தபடி 8, மீதி 24 கவிழ்த்த கட்டு. உங்கள் முறை வரும்போது கையிலிருந்து ஒரு சீட்டை இறக்க வேண்டும். அதே மாதச் சீட்டு நடுவில் இருந்தால் இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் உங்கள் சீட்டு அங்கேயே கிடக்கும். பிறகு கட்டிலிருந்து ஒன்றைப் புரட்டி அதற்கும் அப்படியே செய்ய வேண்டும். எடுத்த சீட்டுகளில் குறிப்பிட்ட சேர்க்கை அமைந்தால் புள்ளி. காட்டுப்பன்றி, மான், பட்டாம்பூச்சி மூன்றும் சேர்ந்தால் 5. செர்ரித் திரைச்சீலையும் சாக்கே (அரிசி மது) கிண்ணமும் சேர்ந்தால் 5. கொக்கு, நிலவு, செர்ரித் திரைச்சீலை மூன்றும் சேர்ந்தாலும் 5. இன்னும் பல சேர்க்கைகள் உண்டு, ஆனால் அவற்றை இந்த அத்தியாயத்துக்குள் விடவே வேண்டாம். புள்ளிக் கணக்கும் வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும், நமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் இந்த ஆட்டத்தின் உயிர். சேர்க்கை அமைந்ததும் நீங்கள் ஆட்டத்தை நிறுத்திப் புள்ளியை வாங்கிக்கொள்ளலாம். அல்லது "கோய்-கோய்" என்று சொல்லித் தொடரலாம். வா, வா என்று அர்த்தம். தொடர்ந்த பிறகு எதிராளி முதலில் ஒரு சேர்க்கையைச் சேர்த்து நிறுத்திவிட்டால் உங்களுக்கு ஒன்றும் இல்லை, அவருக்கு இரட்டிப்பு. போதும் என்பதா, இன்னும் வேண்டும் என்பதா? நாடகத்துக்குத் தேவையான கேள்வியை ஆட்டமே கேட்கிறது.

படி 2: புள்ளியை வேறு எதாவதாக மாற்றுங்கள்

5 புள்ளி என்று எழுதினால் யாருக்கும் வலிக்காது. கதை மாய உலகில் நடக்கிறது என்பதன் பயன் இங்கேதான். என் கதையில் ஒரு மலைக்கணவாய்ச் சத்திரம், அங்கே மனித உருவில் ஒரு நரி. நரி உருமாறி ஏமாற்றும் என்பது ஜப்பானிய நாட்டுப்புறக் கதைகளில் பழைய சங்கதி. அந்த நரி ஒரு சிறுவனின் நினைவிலிருந்து 12 மாதத்தைத் தின்றுவிட்டது. அம்மா உயிரோடிருந்த கடைசி வருஷம் அது. அக்கா அதை மீட்க வந்திருக்கிறாள். ஒரு புள்ளிக்கு ஒரு மாதம். அவள் ஜெயித்தால் தம்பிக்கு மாதங்கள் திரும்பும், தோற்றால் அதே வருஷத்திலிருந்து அவளுடைய மாதங்கள் போகும்.

சீட்டிலும் மாதம், பந்தயத்திலும் மாதம். இப்படி ஒட்டிக்கொண்டால் விளக்கமே தேவைப்படாது. பன்னிரண்டு மரக்குச்சிகளை நரியின் முழங்கால் பக்கத்தில் வரிசையாக வரைந்துவிடுங்கள், யார் எங்கே நிற்கிறார் என்பதை வாசகர் கண்ணாலேயே எண்ணிக்கொள்வார்.

எண் சிறியதாக இருக்கட்டும். இதை நான் யு-கி-ஓ மங்காவைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். 1996 முதல் 2004 வரை வாராந்திர ஷோனென் ஜம்ப்பில் வந்த தொடர் அது. அதில் சீட்டாடுபவர்களுக்கு உயிர்ப்புள்ளி உண்டு, அது தீர்ந்தால் தோல்வி. தீவுப் போட்டியில் ஆளுக்கு 2000 புள்ளி, பிறகு வந்த நகரப் போட்டியில் 4000. ஆனால் கடையில் சீட்டு வாங்கி நாம் ஆடும் ஆட்டத்தில் 8000. கதையில் ஒவ்வொரு அடியும் பலமாக விழ வேண்டும், அதற்குச் சின்ன எண்தான் உதவும்.

படி 3: இரண்டு பேருக்கும் ஒரே சீட்டு வேண்டும்

இந்தப் படிக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன், நீங்களும் செலவழியுங்கள். மேசையில் உண்மையாகவே சீட்டைப் பரப்பிவைத்து யோசிக்க வேண்டிய இடம் இது. கட்டு கிடைக்கவில்லையென்றால் அட்டையை 48 துண்டாக வெட்டிப் பூவின் பெயரை எழுதிக்கொள்ளலாம்.

நரி முதலில் ஆடுகிறது. ஆளுக்கு ஐந்து முறை முடிந்துவிட்டது. அக்காவிடம் சாக்கே கிண்ணம், காட்டுப்பன்றி, மான் இருந்தன, ஐந்தாவது முறையில் பட்டாம்பூச்சியும் வந்து 5 புள்ளி அமைந்துவிட்டது. நரியிடம் கொக்கும் நிலவும் இருக்கின்றன. செர்ரித் திரைச்சீலை இன்னும் வரவில்லை. அது அவளுக்குக் கிடைத்தால் கிண்ணத்தோடு சேர்ந்து இன்னொரு 5, ஆக 10 மாதம். நரிக்குக் கிடைத்தால் கொக்கு, நிலவோடு சேர்ந்து 5 புள்ளி, அவள் கோய்-கோய் சொல்லியிருந்தால் இரட்டிப்பாகி 10. அதாவது தம்பிக்குப் பாதி வருஷம்கூட இல்லாத 5 மாதத்தை இப்போதே வாங்கிக்கொண்டு எழுந்து போகலாம், அல்லது ஒரே சீட்டை நம்பிப் பத்தை வெல்லவோ பத்தை இழக்கவோ உட்காரலாம். நிறுத்துவதும் நியாயம், தொடர்வதும் நியாயம். ஒரு பக்கம் வெறும் முட்டாள்தனமாகத் தெரிந்தால் பதற்றம் போய்விடும், அவள் என்ன சொல்வாள் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் வையுங்கள். நடுவில் ஒரு வெறும் செர்ரிச் சீட்டு, பூ மட்டும் உள்ளது, முதலிலிருந்தே திறந்து கிடக்கிறது. ஆகவே திரைச்சீலையை யார் புரட்டினாலும் அந்தச் செர்ரியோடு சேர்த்து அள்ளிக்கொள்வார்.

படி 4: வெற்றியின் சாவியை வாசகர் கண்முன்னே வைத்துவிடுங்கள்

கடைசி நேரத்தில் யாரும் கேள்விப்படாத சக்தி வந்து காப்பாற்றும் ஆட்டங்களைப் படித்து நான் நிறைய கசந்திருக்கிறேன். வாசகர் பார்க்காத எதுவும் ஜெயிக்கக் கூடாது.

மாதத்துக்கு 4 சீட்டுதான். செர்ரியில் திரைச்சீலை ஒன்று, சிவப்புப் பட்டை ஒன்று, வெறும் சீட்டு இரண்டு. ஒரு வெறும் சீட்டு நடுவில் கிடக்கிறது. சிவப்புப் பட்டையும் மற்றொரு வெறும் சீட்டும் முதலிலிருந்தே அக்காவின் கையில் இருக்கின்றன, நான்காம் பக்கத்தில் அவள் கையை முழுசாகக் காட்டும் கட்டத்தில் அவை தெரியும். நரியின் கையில் திரைச்சீலை இருந்திருந்தால்? நான்காம் முறையிலேயே நிலவு கிடைத்துவிட்டது, ஐந்தாம் முறையில் நடுவில் கிடந்த செர்ரிமேல் அதைப் போட்டு ஆட்டத்தையே முடித்திருக்கும். முடிக்கவில்லை. ஆக அது கட்டுக்குள் இருக்கிறது. கட்டில் இன்னும் 14 சீட்டு, ஆட்டம் முடிவதற்குள் புரட்டப்போவது 6 மட்டும். வராமலே போகும் வாய்ப்புதான் அதிகம், வராமல் போனால் அவளுக்கு ஒன்றுமே இல்லை என்று நம் கதையின் விதியை வைத்துக்கொள்வோம்.

இப்போது அவளுடைய நகர்வு. கோய்-கோய் சொன்னதும் நரியின் முறை வருகிறது, அந்த ஒரு புரட்டல் மட்டும் முழுக்க விதியின் கையில். அது தப்பினால், அடுத்த முறையில் அவள் சிவப்புப் பட்டையை இறக்கி நடுவிலிருக்கும் செர்ரியை எடுத்துவிடுகிறாள். சிவப்புப் பட்டை சேர்க்கிறாள் போல என்று நரி நினைக்கிறது. உண்மையில் அந்தக் கணத்திலிருந்து திரைச்சீலையை யார் புரட்டினாலும் அது நடுவில் அநாதையாகக் கிடக்கும். அதை எடுக்கக்கூடிய ஒரே சீட்டு, கட்டிலேயே மதிப்பில்லாத வகையைச் சேர்ந்த அந்த வெறும் செர்ரி, அவள் கையில். கடைசி வரைக்கும் அவள் அதை இறக்காமல் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 5: பக்கம் பிரிப்பது

ஜப்பானிய மங்கா வலமிருந்து இடம் போகும். விரித்த புத்தகத்தில் முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம், அப்புறம் தாளைத் திருப்புகிறோம். முதல் பக்கம் இடப்புறம் தொடங்கினால், ஒற்றைப்படைப் பக்கங்களின் கடைசிக் கட்டம் திருப்புவதற்கு முந்தைய கட்டம். கேள்வியை அங்கே வையுங்கள், பதிலை இரட்டைப்படைப் பக்கத்தில் வையுங்கள். சீட்டைத் திருப்புவதும் தாளைத் திருப்புவதும் ஒன்றாக நடக்கும், இந்த ஊடகத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

பக்கம் 1 சத்திரம், குச்சிகள், வாய் திறந்தும் எதையும் நினைவுகூர முடியாத தம்பி. 2, 3இல் ஆட விட்டபடியே விதியைச் சொல்லிவிடுங்கள். 4, 5 அவள் கை, நரி எடுக்கும் நிலவு. 6, 7 பட்டாம்பூச்சி. ஏழின் கடைசிக் கட்டத்தில் நரி ஐந்து குச்சிகளை அவள் பக்கம் தள்ளி, "எடுத்துட்டுப் போறியா?" என்கிறது. பக்கம் 8, அவள் முகம் மட்டும், "கோய்-கோய்."

பக்கம் 9 முழுக்க நரியின் விரல்கள் கட்டின் மேல். இங்கே மெதுவாகப் போங்கள், விரல், கண், தம்பியின் கால், மறுபடி விரல். பத்தில் வெறும் வில்லோச் சீட்டு. 11 சிவப்புப் பட்டை. 12, 13 வேகமாக, சின்னச் சின்னக் கட்டங்கள், வசனமே வேண்டாம். பதின்மூன்றின் கடைசியில் நரியின் கடைசிப் புரட்டல். பக்கம் 14, பக்கம் முழுக்க ஒரே படம்: திரைச்சீலை. பதினைந்தில் நரி சிரிக்கத் தொடங்கி, நடுவில் செர்ரி இல்லாததைப் பார்த்து நிறுத்துகிறது, அவள் கையில் கவிழ்ந்தபடி ஒரே சீட்டு. 16இல் இரண்டு செர்ரிகளும் பக்கத்தில் பக்கத்தில். பத்து குச்சிகள் அவளுடையவை. இரண்டு இன்னும் நரியிடம், எந்த இரண்டு மாதத்தை விடுவது என்று அவளே சொல்ல வேண்டும். அடுத்த அத்தியாயத்துக்கு அது போதும்.

படி 6: கறுப்பு வெள்ளையில் சீட்டு

நேம் சரியாக வந்து, மையில் வரையும்போது ஒரு சிக்கல் வரும். பூச்சீட்டில் சிவப்புப் பட்டையும் நீலப் பட்டையும் உண்டு, கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். சிவப்பை அடர் கறுப்பாக நிரப்பிவிட்டு நீலத்துக்கு ஸ்கிரீன்டோன், அதாவது புள்ளி அச்சிட்ட ஒட்டுத்தாள், ஒட்டுங்கள், முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை அதை மாற்றாதீர்கள். நிலவுச் சீட்டு நல்ல சீட்டு, கறுத்த குன்றின் மேல் பெரிய வட்டம், எவ்வளவு சிறிதாக வரைந்தாலும் அடையாளம் தெரியும். திரைச்சீலையும் அப்படியே, கோடு போட்ட துணிக்கு மேலே பூக்குவியல்.

பூச்சீட்டு நம் ரம்மிச் சீட்டைவிடச் சின்னது, ஆனால் தடிப்பானது, அடித்து வைத்தால் சத்தம் வரும். ஜப்பானியர் அதற்கு 'பச்சி' என்று எழுதுவார்கள், தமிழில் 'பட்' என்று போடலாம். எல்லாச் சீட்டுக்கும் போட்டுவிடாதீர்கள். எட்டாம் பக்கத்துக்கு முன்னால் இரண்டு மூன்று இடத்தில் போட்டுப் பழக்கிவிட்டு, பதினான்கில் திரைச்சீலை விழும்போது சத்தமே இல்லாமல் விடுங்கள்.

படி 7: பதின்மூன்றில் நிறுத்திக் கேளுங்கள்

நேமை ஒருவரிடம் கொடுத்து, பதின்மூன்றாம் பக்கம் வந்ததும் கையை வைத்து மறைத்துக்கொண்டு, "எந்தச் சீட்டு வரக் கூடாது?" என்று மட்டும் கேளுங்கள். "திரைச்சீலை வந்துடக் கூடாது" என்றால் அவர் பயந்திருக்கிறார், நல்லது. "வரணும், அவகிட்ட இன்னொரு செர்ரி இருக்கு" என்றால் கூடவே உட்கார்ந்து எண்ணியிருக்கிறார், அதைவிட நல்லது. "தெரியலையே" என்றால் நான்காம் பக்கத்துக்குப் போய் அவள் கையைக் காட்டும் கட்டத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கிவிட்டு, அந்த நேமைப் பார்க்காத வேறொருவரிடம் கொடுங்கள்.