துரைமார் பெயர்களைப் பிரித்துப் படிக்கும் முறை

மலேசியாவின் பந்திங் வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்கள் பலவற்றில், துரை, அதாவது தோட்டத்தை நடத்திய வெள்ளைக்கார மேலாளர், கையொப்பமிட்ட பழைய நற்சான்றுக் கடிதம் ஒன்று பெட்டியின் அடியில் கிடக்கும். என் தாத்தாவின் கடிதத்தில் மங்கிய நீல மையில் ‘ஃபிளெட்சர்’ என்றிருக்கிறது. அம்பைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த அப்பெயருக்கு அம்பு செய்பவர் என்பது பொருள். இத்தகைய பெயர்களை நீங்களே பிரித்துப் பார்க்கலாம்.

அதற்கு நம் லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, நினைத்துக்கொள்வதே நல்ல தொடக்கம். ஒரே தோட்டத்தில் நான்கு முனியாண்டிகள் இருந்தால், கறுப்பு முனியாண்டி, மேட்டு லயத்து முனியாண்டி, மாட்டுக்கார முனியாண்டி, காத்தான் மகன் முனியாண்டி என்று அழைப்போம். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட் என்னும் சில பெயர்களே திரும்பத் திரும்ப இடப்பட்டதால், அங்கும் நிறம், இடம், தொழில், தந்தை ஆகிய இந்த நான்கு வழிகளிலேயே அடைமொழிகள் பிறந்தன. அவை பரம்பரைப் பெயர்களாக உறைந்து, 1400 வாக்கில் பெரும்பாலான ஆங்கிலேயரிடம் நிலைத்துவிட்டன.

ஆகவே குடும்பப் பெயரின் வாலை முதலில் பாருங்கள். ‘சன்’ என்று முடிந்தால் பெரும்பாலும் மகன் என்று பொருள்; ஜான்சன் ஜானின் மகன், ஹாரிசன் ஹாரியின் மகன். நம் அடையாள அட்டையில் உள்ள, மகன் என்று பொருள்படும் ‘அனாக் லெலாக்கி’ என்ற மலாய்ச் சொல் செய்யும் வேலையும் இதுவே. ஆனால் நம் தந்தை பெயர் தலைமுறைதோறும் மாறுகிறது, அவர்களுடையது மாறுவதில்லை. அதனால் இன்றைய ஜான்சனின் தந்தை ஜானாக இருக்க வேண்டியதில்லை. ஸ்காட்லாந்து, அயர்லாந்துப் பெயர்களில் முன்னால் வரும் ‘மாக்’ மகனையும், அயர்லாந்தின் ‘ஓ’ பேரன் வழியையும் குறிக்கும். வேல்சின் ‘அப்’ மட்டும் கண்ணுக்கு எளிதில் தெரியாது. அப் ஹவெல் பவல் ஆனதும், அப் ரீஸ் பிரைஸ் ஆனதும் அப்படித்தான்.

‘டன்’, ‘ஹாம்’, ‘பி’, ‘லி’ என முடிந்தால் ஊர்ப்பெயரைத் தேடுங்கள். நம் முன்னோர் கப்பலிலிருந்து இறங்கிய போர்ட் ஸ்வெட்டன்ஹாம், 1972-இல் போர்ட் கிளாங் ஆகும் வரை, ஸ்வெட்டன்ஹாம் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் குடும்பப் பெயர் வழியாக, இங்கிலாந்தின் செஷயர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரையே சுமந்திருந்தது. ‘லி’ என்பது காடு திருத்திய வெளி. 1888 முதல் 1911 வரை சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தை நடத்தி, ரப்பர் பயிரை இந்நாட்டில் பரப்பப் பாடுபட்ட ரிட்லியின் பெயரிலேயே அச்சொல் இருக்கிறது. அந்த மரத்துக்காகத்தான் நம்மவர்கள் இங்கே காடு திருத்தினார்கள் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

தொழிற்பெயர்களில் ஸ்மித் கொல்லர், கூப்பர் பீப்பாய் செய்பவர் என்பவை எளியவை. ஆனால் இன்றைய ஆங்கிலச் சொல்லை அப்படியே நம்பிவிடாதீர்கள். வாக்கர் என்பவர் வெறுமனே நடந்து திரிந்தவர் அல்லர்; நெய்த கம்பளித் துணியை ஈரத்தில் போட்டு, அது இறுகும்வரை காலால் மிதித்துப் பதப்படுத்தியவர். வெப்ஸ்டர் நெசவாளர், ‘ஸ்டர்’ என்னும் வால் முதலில் பெண்களைக் குறித்தது.

இடுபெயர்களுக்கு எபிரேயம், கிரேக்கம், பழைய ஜெர்மானியம் என மூல மொழியைக் கண்டறிய வேண்டும். மார்கரெட் என்றால் முத்து, ஜார்ஜ் என்றால் உழவர், தாமஸ் என்றால் இரட்டையர். சிலவற்றை நம் கத்தோலிக்க முன்னோர் முன்பே தமிழாக்கிவிட்டார்கள். இறையருளைச் சொல்லும் ஜான் அருளப்பர் ஆனார். சிறியவர் என்னும் பொருளுடைய பால் சின்னப்பர் ஆனார். தோட்டத்து அருளப்பன்களும் சின்னப்பன்களும் இந்த மொழிபெயர்ப்பின் வாரிசுகளே.

கடைசியாக, ஒரே எழுத்துக்கூட்டலுக்கு ஒரே வேர் என்று முடிவு செய்யாதீர்கள். சிலாங்கூரில் உள்ள கேரித் தீவுக்குப் பெயர் தந்தவர் எட்வர்ட் வேலன்டைன் கேரி. எட்வர்ட் என்றால் செல்வம் காப்பவர், வேலன்டைன் என்றால் வலியவர். கேரி என்பதோ சாமர்செட் மாவட்டத்து ஊரிலிருந்தும் வரலாம், கருமையைக் குறிக்கும் ஐரிஷ் வேரிலிருந்தும் வரலாம். ஒரு குடும்பம் எந்த வழி என்பதைப் பிறந்த மாவட்டமும், 1538 முதல் இங்கிலாந்துத் தேவாலயங்கள் எழுதிவரும் பதிவேடுகளில் உள்ள பழைய எழுத்துக்கூட்டலுமே காட்டும். அவற்றைப் பார்க்கும்வரை இரண்டு பொருளையும் குறித்து வையுங்கள்.