வரி இல்லை, ஆனாலும் மூட்டை திரும்பும்: பிரெக்ஸிட்டுக்குப் பிந்தைய ஒப்பந்தங்களை நீலகிரித் தேயிலைக் குழு படிக்கும் முறை

கோத்தகிரியிலோ மஞ்சூரிலோ சிறு விவசாயிகள் இருபது பேர் சேர்ந்து ஆர்த்தடாக்ஸ் (இலையை உருட்டிச் செய்யும் பழைய முறை) தூளை நேரடியாக லண்டனுக்கு அனுப்பலாம் என்று முடிவெடுத்தால், முதலில் காதில் விழுவது வரிச் செய்திதான். 2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, நம் பொருள்களின் வரி இனங்களில் 99 சதவீதத்துக்கு அங்கே வரி கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாக்கில் மொத்தமாகப் போகும் கறுப்புத் தேயிலைக்கு அதற்கு முன்பும் அங்கே வரி இல்லை. துறைமுகத்தில் மூட்டையை மறிப்பது மருந்து எச்ச வரம்பு, அதாவது தூளில் பூச்சிமருந்து எவ்வளவு வரை மிஞ்சியிருக்கலாம் என்ற அளவு. அந்த வரம்பை வைக்கும் உரிமையை எந்த நாடும் ஒப்பந்தத்தில் முழுசாக விட்டுக்கொடுப்பதில்லை. அதனால் ஒப்பந்தத்தைக் கையில் எடுத்தால் தேட வேண்டியது ஒன்றுதான்: எந்த அதிகாரத்தைப் பொதுவில் வைத்தார்கள், எதைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள்?

கூட்டுறவு பாக்டரிக்கு இலை போடுகிறவர்களுக்கு இது புதிய விஷயமில்லை. தோட்டம் அவரவருடையது. எப்போது கவாத்து செய்வது, என்ன உரம் போடுவது என்று யாரும் கேட்க முடியாது. ஆனால் இலை ஒரே வாடல் தொட்டியில் விழுவதால் இரண்டு இலை ஒரு மொட்டு என்ற கட்டுப்பாடு எல்லோருக்கும் பொது. ஒருவர் முற்றிய இலையைக் கொண்டுவந்தால் மொத்தத் தூளின் விலையும் இறங்கும். தோட்டத்தின் மேல் உரிமை, தொட்டியின் மேல் பொது விதி: இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது என்பதுதான் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும், பிரெக்ஸிட்டில் அதை விட்டு வெளியேறிய பிரிட்டனுக்கும் இடையே இத்தனை ஆண்டுகளாக நடக்கும் வழக்கு.

முதலில் கரையைத் தீர்மானியுங்கள்

‘யு.கே.’ என்று விலாசத்தில் எழுதியிருந்தால் போதாது. 2020 டிசம்பர் 31 வரை பிரிட்டனும் ஐரோப்பாவும் ஒரே விதிக்குள் இருந்தன. இப்போது மூன்று கரைகள்.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் பிரிட்டன் தானே வைக்கும் எச்ச வரம்புப் பட்டியல். ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளுக்கு அவர்களுடைய பட்டியல். வட அயர்லாந்து பிரிட்டனின் பகுதிதான். ஆனாலும் அயர்லாந்துத் தீவின் நடுவே எல்லைச் சாவடி வரக்கூடாது என்பதற்காக, சரக்கு விஷயத்தில் ஐரோப்பிய விதிகள் பலவும் அங்கே செல்லும். 2023 பிப்ரவரி 27 அன்று எட்டிய விண்ட்சர் உடன்பாட்டில் இதற்கு ஒரு சலுகை வந்தது: பிரிட்டனின் மற்ற மூன்று பகுதிகளிலிருந்து பதிவு பெற்ற வணிகர் வழியாக வட அயர்லாந்துச் சில்லறைக் கடைக்குப் போகும் உணவுப்பொருள், ‘நாட் ஃபார் இயூ’ (ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல) லேபிளுடன் பிரிட்டன் தரத்திலேயே போகலாம். ஆகவே பெல்ஃபாஸ்ட் வியாபாரி ஆர்டர் கொடுத்தால், சரக்கு நேராக அங்கே இறங்குகிறதா, லிவர்பூல் வழியாகவா என்று கேட்டுவிட்டுத்தான் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். கேட்காமல் அனுப்பினால் தவறான பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பீர்கள்.

சரக்குக் குறியீட்டையும் இதோடு முடிவு செய்துவிட வேண்டும். மூன்று கிலோவுக்கு மேற்படாத பொட்டலக் கறுப்புத் தேயிலை 0902 30, அதற்கு மேல் 0902 40. பச்சைத் தேயிலைக்கு முறையே 0902 10, 0902 20. உடனடித் தேநீர்த் தூள் வேறு அத்தியாயம், 2101 20. வரி அட்டவணையில் மாற்றம் இருப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி வகைகளில்தான், சாக்குத் தூளில் அல்ல.

இந்திய-பிரிட்டன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துவிட்டதா, எந்தத் தேதியில் என்பதையும் அரசு அறிவிக்கையில் பாருங்கள். கையெழுத்து வேறு, நடைமுறை வேறு. பிரிட்டனில் ஒப்பந்தத்தை நாடாளுமன்றத்தின் முன் 21 அமர்வு நாட்கள் வைக்க வேண்டும் என்று 2010ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நம் நாட்டில் ஒப்பந்தம் செய்யும் அதிகாரம் அரசியலமைப்பின் ஒன்றியப் பட்டியலில் 14ஆவது இனம். நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயமில்லை. வேடிக்கை என்னவென்றால் மாநிலப் பட்டியலிலும் 14ஆவது இனம்தான் விவசாயமும் பூச்சித் தடுப்பும். தேயிலையைத் தாக்கும் கொசுப் பூச்சிக்கு என்ன செய்வது என்று பார்ப்பது சென்னையின் பொறுப்பு, அந்த மருந்தின் எச்சம் பற்றிப் பேசிக் கையெழுத்திடுவது டெல்லி. உள்நாட்டிலேயே இறையாண்மை இப்படி இரண்டு கையில் இருக்கிறது.

வினைச்சொல்லை மட்டும் தொடருங்கள்

ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் 2020 டிசம்பர் 30 அன்று கையெழுத்திட்ட வணிக, ஒத்துழைப்பு ஒப்பந்தம் முதலில் வெளியானபோது 1,246 பக்கம். பிரிட்டன் நாடாளுமன்றம் அதற்கான சட்டத்தை ஒரே நாளில் நிறைவேற்றியது. அத்தனை பக்கத்தையும் அவர்கள் படித்திருக்க முடியாது. நீங்களும் படிக்கத் தேவையில்லை. எந்த ஒப்பந்தமானாலும் உணவுப் பாதுகாப்பு, தாவர நலம் பற்றிய அத்தியாயத்தை மட்டும் அச்செடுத்து, நான்கு நிறப் பேனாவோடு உட்காருங்கள்.

‘ஷல்’ (செய்தே ஆக வேண்டும்) என்று வரும் இடத்தில் சிவப்பு. அங்கே அரசின் கை கட்டப்பட்டது. ‘ஷல் எண்டெவர்’ என்றால் மஞ்சள்: முயற்சி செய்வோம் என்ற அளவில்தான். முயன்றோம், முடியவில்லை என்று சொன்னால் பெரும்பாலும் அங்கேயே வழக்கு முடிந்துவிடும். ‘மே’ என்றால் பச்சை, விருப்பப்பட்டால் செய்யலாம். ‘நத்திங் ஷல் பிரிவெண்ட்’ (எதுவும் தடுக்காது) என்று தொடங்கும் வாக்கியத்துக்கு நீலம். எதைக் கொடுத்தாலும் இதை மட்டும் கொடுக்க மாட்டோம் என்று அரசு நட்ட எல்லைக்கல் அது.

புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் தவறுவது ‘ஷல் எண்டெவர்’ என்பதில் முதல் சொல்லைப் பார்த்ததும் சிவப்பு அடித்துவிடுவதில். இரண்டு சொல்லையும் சேர்த்துப் படித்த பிறகே பேனாவை எடுங்கள். சிவப்புக் கோடு போட்ட அத்தியாயமே சண்டைத் தீர்ப்பு முறையிலிருந்து விலக்கப்பட்டிருக்கவும் கூடும். அதை அந்த அத்தியாயத்தின் கடைசிப் பிரிவிலோ, சண்டைத் தீர்ப்பு அத்தியாயத்தின் தொடக்கத்திலோ ஒரு வரியில் சொல்லியிருப்பார்கள். தட்டிக்கேட்க வழியில்லாத சிவப்பு மஞ்சளுக்குச் சமம்.

இதற்கெல்லாம் அடித்தளம் 1995இல் நடைமுறைக்கு வந்த உலக வணிக அமைப்பின் தாவர, உணவுப் பாதுகாப்பு உடன்பாடு. எவ்வளவு கடுமையான பாதுகாப்பு வேண்டும் என்பதை ஒவ்வொரு நாடும் தானே தீர்மானிக்கலாம், ஆனால் அதற்கு அறிவியல் ஆதாரம் காட்ட வேண்டும், நாட்டுக்கு நாடு பாகுபாடு கூடாது, முன்கூட்டி அறிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். புதிய ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இதைத் திரும்பச் சொல்லிவிட்டு ஒரு குழுவை அமைக்கும். அந்தக் குழு எப்போது கூடுகிறது, இந்தியத் தரப்பில் எந்த அமைச்சகம் உட்காருகிறது என்ற விவரத்தைக் குறித்துவையுங்கள். தேயிலை வாரியத்தின் குன்னூர் அலுவலகம் வழியாக உங்கள் சிக்கல் போய்ச் சேர வேண்டிய மேசை அது.

கடைசித் தீர்ப்பு யார் கையில்?

2020 ஒப்பந்தத்தில் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு வேலையில்லை. சண்டை வந்தால் நடுவர் மன்றம். பிரிட்டன் தன் தொழிலாளர், சுற்றுச்சூழல், மானிய விதிகளைத் தன் விருப்பப்படி மாற்றலாம். ஆனால் அந்த வேறுபாடு வணிகத்தைக் கணிசமாகப் பாதித்தால் மறுதரப்பு சமன்செய்யும் நடவடிக்கை எடுக்க 411ஆவது பிரிவு வழிவிடுகிறது. மாற்ற உரிமை உண்டு, மாற்றினால் விலையும் உண்டு. முற்றிலும் வெளியேற விரும்பினால் 12 மாத முன்னறிவிப்பு போதும்.

2025 மே 19 அன்று லண்டனில் நடந்த உச்சிமாநாடு இந்தக் கோட்டை நகர்த்தியது. உணவு, தாவரம், பூச்சிமருந்து விதிகளில் ஐரோப்பாவோடு ஒரு பொதுப் பகுதியை உருவாக்கப் பேசுவோம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. அங்கே ஐரோப்பா விதியை மாற்றினால் பிரிட்டனும் தொடர்ந்து மாற்றிக்கொள்ளும், ஐரோப்பியச் சட்டம் பற்றிய கேள்வியில் இறுதிச் சொல் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு. விதி உருவாகும்போது பிரிட்டன் கருத்துச் சொல்லலாம், வாக்களிக்க முடியாது. எல்லையில் சோதனை குறைய வேண்டுமென்றால் இந்த விலை. கோத்தகிரிக் குழுவுக்கு இதன் பொருள் சுருக்கமானது: இன்று பிரிட்டன் பட்டியலில் தளர்வாக இருக்கும் வரம்பை நம்பி மருந்துத் திட்டம் போடாதீர்கள். இரண்டில் எது கடுமையோ அதற்கே தோட்டத்தைத் தயார் செய்யுங்கள்.

0.05 என்பது தோட்டத்தில் எவ்வளவு?

தேயிலைக் கொசுவுக்கு அடிக்கும் தயாமெதாக்ஸம் இங்கே தேயிலைக்குப் பதிவு பெற்ற மருந்து. ஐரோப்பாவில் தேயிலைக்கு அதன் வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராமாக இருந்தது, பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் வரம்பும் அதுவே. தேனீக்களின் அழிவைக் காரணம் காட்டி 2023இல் ஐரோப்பா கொண்டுவந்த 334ஆம் ஒழுங்குமுறை, 2026 மார்ச் 7 முதல் அதை 0.05 ஆக்கியது. நானூறில் ஒரு பங்கு. தேநீர் குடிப்பவரின் உடல்நலத்தைக் காரணம் காட்டி இதைக் குறைக்கவில்லை. தன் எல்லைக்கு வெளியே, நம் மலையில் பறக்கும் தேனீக்காக ஒரு நாடு விதி போடலாமா என்பது இறையாண்மைக் கேள்வியிலேயே கடினமான ஒன்று. வாதம் நடக்கட்டும். சரக்கு அதுவரை காத்திருக்காது.

நான்கரை கிலோ பச்சை இலை ஒரு கிலோ தூளாகிறது என்று வைத்துக்கொண்டால், எச்சம் உலர்த்தும்போது குறையாவிட்டால், ஒரு கிலோ இலையில் 0.011 மில்லிகிராம் இருந்தாலே தூளில் 0.05 வந்துவிடும். இன்னொரு கணக்கு: 1,000 கிலோ லாட்டில் 100 கிலோ மட்டும் மருந்தடித்த தோட்டத்துடையது, அதில் 0.6 இருக்கிறது, மீதியில் ஒன்றுமில்லை. சராசரி 0.06. மொத்த லாட்டும் போச்சு. பத்தில் ஒருவர் செய்தது ஒன்பது பேரையும் கவிழ்க்கும்.

தயாமெதாக்ஸம் செடிக்குள் சிதைந்து குளோதியானிடின் ஆகும் என்பதையும் மறக்க வேண்டாம். அதற்கும் பழைய ஐரோப்பிய வரம்பு 0.7, இப்போது 0.05. ஒரே ஸ்பிரேயில் இரண்டு வரம்பு உடையலாம்.

தோட்டத்துக்கு வெளியிலிருந்து வரும் எச்சமும் உண்டு. ஆந்த்ராகுவினோனை யாரும் தேயிலைக்கு அடிப்பதில்லை. விறகுப் புகையிலிருந்தும் பொட்டலக் காகிதத்திலிருந்தும் வரக்கூடியது. ஐரோப்பா அதைப் பூச்சிமருந்துப் பட்டியலில் வைத்து 0.02 என்று வரம்பு போட்டிருக்கிறது. உலர்த்தியின் காற்றுச் சூடேற்றியில் குழாய் ஓட்டை விழுந்து புகை தூளில் கலந்தால் நேர்மையான தோட்டத்தின் சரக்கும் தோற்கும். சீசனுக்கு முன் குழாய்களைப் பார்த்துவிடுங்கள்.

பரிசோதனைக்கூட அறிக்கையில் ‘கண்டறியப்படவில்லை’ என்று இருந்தால் உடனே மகிழ வேண்டாம். எவ்வளவு குறைந்த அளவு வரை அவர்களால் அளக்க முடிகிறது என்ற எண் பக்கத்தில் இருக்க வேண்டும். அது 0.1 என்றால், 0.05 வரம்புக்கு அந்தத் தாள் பயனற்றது. 0.01 வரை அளப்பார்களா, தயாமெதாக்ஸம், குளோதியானிடின், ஆந்த்ராகுவினோன் மூன்றும் பட்டியலில் உண்டா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். மாதிரியை ஒரு சாக்கின் மேல்பகுதியிலிருந்து அள்ளாமல், பல சாக்கில் பல ஆழத்தில் எடுத்துக் கலந்து கொடுங்கள்.

பெயருக்கும் இதே எல்லைதான்

டார்ஜிலிங் தேயிலை 2011இல் ஐரோப்பாவில் புவிசார் பெயராகப் பதிவானது. 2021 ஜனவரி 1க்கு முந்தையது என்பதால் பிரிட்டனிலும் அந்தப் பாதுகாப்பு தொடர்ந்தது. காங்ரா தேயிலை 2023இல்தான் ஐரோப்பாவில் பதிவானது. அது தானாக பிரிட்டனுக்குப் போகாது, தனி விண்ணப்பம் வேண்டும். நீலகிரி ஆர்த்தடாக்ஸ் முத்திரைக்கு இந்தியாவில் புவிசார் பதிவு இருக்கிறது என்பதால் லண்டன் கடையில் வேறொருவர் அந்தப் பெயரைப் போடுவதைத் தடுக்க முடியும் என்று எண்ணிவிடாதீர்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் அதே கதிதான்.

விதி மாறும் முன் தெரிந்துகொள்ள

உலக வணிக அமைப்பின் ஈபிங் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்து, ‘தேயிலை’, ‘0902’, ‘ஐரோப்பிய ஒன்றியம்’, ‘பிரிட்டன்’ என்ற தேர்வுகளைப் போட்டுவைத்தால் வரைவு விதி வெளியான உடனே மின்னஞ்சல் வரும். கருத்துச் சொல்லப் பொதுவாக 60 நாள் அவகாசம். தாவர, உணவுப் பாதுகாப்பு அறிவிப்பு (SPS), தொழில்நுட்பத் தடை அறிவிப்பு (TBT) என இரு பிரிவையும் தேர்ந்தெடுங்கள். தேனீயைக் காரணம் காட்டிய அந்த வரைவு இரண்டாவது பிரிவில்தான் அறிவிக்கப்பட்டது. முதலாவதை மட்டும் பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்காது.

குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு: மருந்தின் பெயர், அடித்த தேதி, லேபிளில் போட்ட காத்திருப்பு நாள், அடுத்து இலை எடுத்த தேதி. மருந்து அடிப்பதை இலை எடுத்த மறுநாளே வைத்துக்கொண்டால் அடுத்த சுற்று வரை நாள் கிடைக்கும். காத்திருப்பு முடியாத தோட்டத்தில் அன்று இலை எடுக்காதீர்கள், எடுத்து வந்தாலும் வாடல் தொட்டிக்குள் விடாதீர்கள். பாக்டரி வாசலில் நோட்டைப் பார்த்துத்தான் இலை வாங்குவது என்று தீர்மானம் போட்டு, இருபது பேரிடமும் கையெழுத்து வாங்கி மாட்டிவையுங்கள். அந்தத் தீர்மானத்திலும் ‘முயற்சி செய்வோம்’ என்று எழுத வேண்டாம்.