கண்ணை உறுத்தாத வேலி: சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டுத் தோட்டத்துக்கு

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கிணறு, அதை ஒட்டி அல்லி வளர்க்கிற சிமென்ட் தொட்டி, சுற்றிலும் அத்தை வைத்த செம்பருத்தி, மல்லிகை. மகன் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியதும் வேலி போடுவது என்று முடிவு செய்தோம். “ஜெயில் மாதிரி ஆக்கிடாதம்மா” என்று அத்தை கேட்டுக்கொண்டார். நியாயமான பேச்சு. தினமும் பார்க்கிற தோட்டம், பார்க்கவும் நன்றாக இருக்க வேண்டும், பிள்ளையும் பத்திரமாக இருக்க வேண்டும். இரண்டும் முடியும். முதல் தடவை வேலி போடுகிறவர்களுக்காக நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முட்டி போட்டு ஒரு சுற்று

கடைக்குப் போகும் முன் தோட்டத்தில் முட்டி போட்டு, பிள்ளையின் உயரத்தில் மெதுவாக ஒரு சுற்று வாருங்கள். நின்றுகொண்டு பார்த்தபோது எனக்குக் கிணறு மட்டும்தான் ஆபத்தாகத் தெரிந்தது. கீழே இறங்கிப் பார்த்தபோதுதான் மற்றவை தெரிந்தன. தொட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்த பூந்தொட்டி, ஏற வாகான படி. குழாயடியில் பாதி நிறைந்த வாளி. தெருக்கதவின் அடியில், பூனை மட்டுமல்ல, பிள்ளையும் படுத்து நுழையும் அளவுக்கு இடைவெளி.

தண்ணீரை எப்போதும் பட்டியலில் முதலில் எழுதுங்கள். சின்னக் குழந்தை மூழ்க ஓரிரு அங்குலத் தண்ணீரே போதும். தலை கனமாக இருப்பதால் குப்புற விழுந்தால் எழ முடியாது, பெரும்பாலும் சத்தமும் கேட்காது.

2. ஆபத்தைச் சுற்றி வேலி, தோட்டத்தைச் சுற்றி அல்ல

வேலி கண்ணை உறுத்தாமல் இருப்பதற்குப் பாதி வழி இதுதான். தோட்டம் முழுவதையும் வளைத்தால் எங்களுக்கு 90 அடி வேலி வேண்டியிருந்தது. கிணறும் அல்லித்தொட்டியும் இருக்கும் மூலையை மட்டும் பிரித்தபோது 22 அடியில் முடிந்தது. பிள்ளைக்கும் ஓடி விளையாட இடம் மிஞ்சியது.

சில இடங்களுக்கு வேலி வேண்டாம், மூடி போதும். நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்குக் கனமான மூடியும் பூட்டும். கிணற்றுக்கு மேலே இரும்புக் கம்பி மூடி, வாளி இறக்க அதில் பூட்டு வைத்த சின்னக் கதவு. அல்லித்தொட்டிக்கும் உறுதியான கம்பிச் சட்டம் ஒன்று போடலாம். அது தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். நீருக்குள் அமிழ்த்தி வைத்தால், அதன்மேல் நிற்கிற கொஞ்சத் தண்ணீரே ஆபத்து. கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டால் கம்பி அவ்வளவாகக் கண்ணில் படாது. ஆனாலும் வேலி, மூடி இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறோம். தண்ணீர் விஷயத்தில் ஒரு தடுப்பை மட்டும் நம்ப எனக்கு மனம் வராது.

3. மூன்று அளவுகள்

ஆஸ்திரேலியாவில் வீட்டு நீச்சல்குளத்துக்கு வேலி கட்டாயம். அங்குள்ள அளவுகளையே நான் பின்பற்றினேன். உயரம் குறைந்தது 120 செ.மீ., அதாவது நான்கு அடி. கம்பிக்குக் கம்பி இடைவெளியும், தரைக்கும் வேலிக்கும் நடுவே உள்ள இடைவெளியும் 10 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. வேலியை ஒட்டி 90 செ.மீ. தூரத்துக்குப் பிள்ளை கால் வைத்து ஏறக்கூடிய பொருள் எதுவும் இருக்கக்கூடாது.

ஓர் அட்டையை 10 செ.மீ. அகலத்துக்கு வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் காட்டும் மாதிரியில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே அட்டையைக் குறுக்காக நீட்டிப் பாருங்கள். தாராளமாக உள்ளே போனால் அந்த மாதிரி வேண்டாம். உயரத்தைப் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து அளக்க வேண்டும். பக்கத்தில் ஓர் அடி மேடை இருந்தால், நான்கடி வேலி அங்கே மூன்றடிதான்.

4. எந்த வேலி?

நாங்கள் தப்பு செய்தது இங்கேதான். பார்க்க அழகாக இருக்கிறதே என்று குறுக்குக் கம்பி வைத்த மாதிரி ஒன்றைப் பட்டறையில் சொல்லிச் செய்தோம். மாட்டிய மூன்றாம் நாள், காபி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினால், மகன் இரண்டாவது கம்பியில் நின்றுகொண்டிருந்தான். ஏணியில் ஏறுவது போல நிதானமாக மூன்றாவது கம்பியைக் கையால் பிடித்திருந்தான். அன்றைக்கே அதைக் கழற்றினோம்.

ஆகவே நெட்டுக் கம்பி மட்டுமே. குறுக்குச் சட்டம் மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் எதுவும் கூடாது. எங்களுடையது 12 மி.மீ. கம்பி, 9 செ.மீ. இடைவெளி. மேலே கூர் முனை வைக்கவே வேண்டாம்.

செலவு குறைய வேண்டுமென்றால் வலை இருக்கிறது. கடைகளில் முதலில் காட்டுவது இரண்டு அங்குலக் கண் உள்ள செயின் லிங்க், அதாவது சாய்சதுரமாகப் பின்னிய கம்பி வலை. அந்தக் கண்ணில் பிள்ளையின் கால்விரல் அழகாகப் பொருந்தும், ஏறிவிடும். ஓர் அங்குலத்துக்கு மேல் போகாத கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வலை, கேளுங்கள். முள்கம்பி பேச்சே வேண்டாம். பச்சை நிழல்வலையை வேலி என்று நம்பாதீர்கள், சாய்ந்தாலே அவிழ்ந்துவிடும். மூங்கில் தட்டி பார்க்க எனக்கும் பிடிக்கும். ஆனால் அது மறைத்துவிடுகிறது. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் வேலியின் இரண்டு பக்கமும் தெரிய வேண்டும்.

5. வேலியை மறைப்பது

வெள்ளையும் வெள்ளியும் நம் ஊர் வெயிலில் பளபளத்துக் கண்ணைப் பிடித்து இழுக்கும். பச்சையும் இலையோடு சேராமல் தனியாகத் தெரியும். பளபளப்பில்லாத கறுப்பு அடித்துப் பாருங்கள், பத்தடி தள்ளி நின்றால் பார்வை கம்பியைக் கடந்து செடிக்குப் போய்விடும். ஒரு குறை, உச்சிவெயிலில் கறுப்பு இரும்பு கொதிக்கும். அந்த நேரத்தில் பிள்ளையை வெளியே விடாதீர்கள். துத்தநாகம் பூசிய இரும்பில் சாதாரண பெயின்ட் உரிந்துவிடும், அதற்கென்று உள்ள பிரைமரைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் செடி. வேலியின் மறுபக்கத்தில், அதாவது கிணற்றுப் பக்கத்தில் நடுங்கள். பிள்ளை பக்கம் நட்டால் கிளையே படியாகிவிடும். செம்பருத்தி, இட்லிப்பூ இரண்டும் நல்லவை. வேலியின் உயரத்துக்கு மேல் போகாமலும், உள்ளே பார்வை போகும்படியும் கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டும். அரளி, தங்க அரளி இரண்டும் விஷம், கள்ளிப்பால் கண்ணைக் கெடுக்கும். இவை ஏற்கெனவே இருந்தால் எடுத்துவிடுங்கள்.

6. கால் ஊன்றுவது

ஆறடிக்கு ஒரு வேலிக்கால், ஒன்றரை அடிக் குழி, கான்கிரீட். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பிறகு வேலியை மாட்டுங்கள். மண் மழையில் கரையும் இடமாக இருந்தால் அடியில் ஒரு வரிசைச் செங்கல் பதித்துவிடுங்கள்.

7. கதவு

வேலி எவ்வளவு நன்றாக இருந்தாலும் கதவு திறந்து கிடந்தால் பயனில்லை. ஸ்பிரிங் கீல் போடுங்கள், தானே மூடித் தானே கொண்டி விழ வேண்டும். கதவு கிணற்றுப் பக்கம் திறக்காமல், பிள்ளை விளையாடும் பக்கம் திறக்கட்டும். அப்போது பிள்ளை தள்ளினாலும் திறக்காது. கொண்டி தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் வரும்படி, கதவையும் கதவுக் காலையும் மட்டும் உயர்த்திச் செய்யச் சொல்லுங்கள்.

பணம் கொடுக்கும் முன் சோதித்துப் பாருங்கள். கதவை முழுதாகத் திறந்து கையை எடுத்துவிடுங்கள். அடுத்து, நான்கு விரல் அகலத்துக்கு மட்டும் திறந்து கையை எடுத்துவிடுங்கள். இரண்டு தடவையும் கொண்டி விழ வேண்டும். எங்கள் கதவு இரண்டாவதில் நின்றுவிட்டது, ஸ்பிரிங்கை இறுக்கி வைத்துவிட்டுத்தான் பட்டறைக்காரர் போனார்.

கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுக்காதீர்கள், ஐந்து நிமிட வேலைக்கும்கூட. மாதம் ஒரு தடவை கீலுக்கு எண்ணெய் விட்டு, கம்பிகளை ஆட்டிப் பார்த்து, துரு தெரிந்தால் தேய்த்துப் பெயின்ட் அடியுங்கள். எங்கள் வீட்டில் சாயங்காலம் வேலியை ஒட்டி ஒரு சுற்று வந்து, பகலில் யாராவது நகர்த்தி வைத்த நாற்காலி, மூன்று சக்கர சைக்கிள், பூந்தொட்டி எல்லாவற்றையும் எடுத்து வைப்பது இப்போது அத்தையின் வேலை.