ரோஜாவுக்கும் தக்காளிக்கும் ஒரே கவனிப்பா?

பூச்செடியும் காய்ச்செடியும் கலந்து வளரும் வீட்டுத் தோட்டம் தனி அழகு. அதில் நாம் செய்யும் பெரிய தவறு, எல்லாவற்றையும் ஒரே மாதிரி கவனிப்பது. ஒரே குழாய், ஒரே உரம், ஒரே மருந்து. நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். என் காகிதப்பூச் செடி மூன்று வருடம் பூக்காமல் பச்சைப்பசேலென்று நின்றது. பக்கத்துத் தொட்டிக் கீரைக்கு ஊற்றியது போலவே அதற்கும் தினமும் ஊற்றிக்கொண்டிருந்தேன். முழு வெயிலில் வைத்து, தண்ணீரைக் குறைத்த பிறகு கொத்துக் கொத்தாகப் பூத்தது. காகிதப்பூவுக்கு மண் கொஞ்சம் காய வேண்டும். கீரைக்கு அது ஆகாது.

இலை தொங்கினால் உடனே தண்ணீர் ஊற்றுவது அடுத்த தவறு. வேருக்குக் காற்றும் வேண்டும். மண் எந்நேரமும் சொதசொதவென்று இருந்தால் வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் ஈரத்தில் நிற்கும் செடியும் தாகத்தில் வாடிய செடி போலவே தெரியும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரமண் விரலில் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். பூசணி போன்ற பெரிய இலைச் செடிகள் உச்சி வெயிலில் துவண்டு, சாயங்காலம் தானாக நிமிரும். பதற வேண்டாம்.

தொட்டி அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலர் நம்புகிறார்கள். மேலே இருக்கும் மண் முழுக்க ஊறும் வரை தண்ணீர் ஜல்லிக்குள் இறங்காது. ஜல்லி போட்ட உயரத்துக்கு ஈரமும் வேரை நோக்கி மேலே ஏறுகிறது, அவ்வளவுதான். அடியில் துளையும் பொலபொலப்பான மண்கலவையும் இருந்தால் போதும்.

தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அமுங்கினால் சிலர் முட்டை ஓட்டைப் புதைப்பார்கள். அது சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது என்பது சரி. ஆனால் பெரும்பாலும் மண்ணில் அந்தச் சத்து இருக்கும். அதைக் காய்க்குக் கொண்டுபோவது தண்ணீர். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குளம் கட்டினால் அந்தப் போக்கு அறுந்துவிடும். முட்டை ஓடு மட்கவோ பல மாதம் ஆகும். தண்ணீரைச் சீராக விடுங்கள்.

உரத்திலும் இதே கதைதான். தழைச்சத்து கீரைக்கு வரம். அதையே அள்ளிப் போட்டால் மிளகாயும் தக்காளியும் இலையாகத் தழைத்து, பூவைக் குறைத்துக்கொள்ளும். மட்காத சாணம் வேரைக் கருக்கும், நோய்க்கிருமியும் கொண்டுவரும். மண்ணைத் தொட்டு வளரும் கேரட், கீரை போன்றவற்றுக்குப் பச்சைச் சாணம் இட்டால், அறுவடைக்கு முன் குறைந்தது 120 நாள் இடைவெளி வேண்டும். வெயில் கணக்கு எளிது: காய்க்கும் செடிக்கு தினம் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில், கீரைக்கு மூன்று நான்கு மணி நேரம்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது பூச்சிமருந்துதான். ரோஜாவுக்கு விற்கும் சில மருந்துகளில் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். வேர் வழியாக ஏறி, இலை, மகரந்தம், தேன் வரை பரவும்; கழுவினாலும் போகாது. அந்த ரோஜாத் தொட்டி ஓரத்தில் புதினா நட்டால் அதை எப்படிச் சாப்பிடுவது? தேனீக்கும் அது நஞ்சு. பூசணி, சுரையில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும். தேனீ வராவிட்டால் அந்தப் பிஞ்சு மஞ்சளாகி உதிரும். அதை நோய் என்று நினைத்து மறுபடி மருந்தடித்தால் மிச்சத் தேனீயும் போய்விடும். காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் தடவிவிடுங்கள்.

அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. செங்காந்தள் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. அழகுக்கு வளருங்கள், ஆனால் கிழங்குப் பாத்திக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். குழந்தைகளுக்கும் எட்டக் கூடாது.

பறிப்பதில் மட்டும் இரண்டு வகைக்கும் ஒரே கணக்கு செல்லும். காயை முற்றவிட்டாலும், வாடிய பூவை விட்டுவைத்தாலும் செடி தன் பலத்தை விதைக்குத் திருப்பி, புதுப் பூவைக் குறைக்கும். வெண்டையை நுனி சட்டென்று ஒடியும் பதத்திலேயே பறியுங்கள். ரோஜாவை, வாடிய பூவுக்குக் கீழே ஐந்து இலை சேர்ந்த முதல் கொத்துக்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள்; அந்தக் கணுவிலிருந்துதான் அடுத்த துளிர் வரும்.