முதல் ட்ராக் டே: போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ட்ராக் டே என்பது ரேஸ் அல்ல. பரிசு கிடையாது, முதலிடம் யாருக்கு என்று யாரும் பார்ப்பதில்லை. எதிரே லாரியோ மாடோ வராத ரேஸ் பாதையில் உங்கள் சொந்தக் காரின் முழு பலத்தைப் பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் ஆரம்பத்துக்கு அருமையான இடம். ஒரு சுற்று சுமார் 3.7 கி.மீ., 12 வளைவுகள்.

போவதற்கு முந்தைய வாரமே பிரேக்கைக் கவனியுங்கள். என்னைக் கேட்டால், இன்ஜினைவிட இதுதான் முக்கியம். பிரேக் ஆயில் நாளாக ஆக ஈரத்தை உறிஞ்சும். ட்ராக்கில் சூடு ஏறினால் அந்த ஈரம் கொதித்து ஆவியாகும். பெடல் பஞ்சுபோல அமுங்கும், வண்டி நிற்காது. அதனால் புது ஆயில் ஊற்றுங்கள். பாதி தேய்ந்த பிரேக் பேடையும் மாற்றிவிடுங்கள். சாதாரண இன்ஷூரன்ஸ் பொதுவாக ட்ராக் சேதத்துக்குப் பணம் தராது, அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அன்று காலை லைசென்ஸ், ஹெல்மெட், முழுக்கைப் பருத்திச் சட்டை, ஷூ அவசியம். காரிலிருந்து ஜாக், தண்ணீர் பாட்டில், ஃப்ளோர் மேட் எல்லாவற்றையும் இறக்குங்கள். உருண்டு வரும் பாட்டில் பிரேக் பெடலுக்கு அடியில் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வீல் நட்டுகளை முறுக்கிப் பாருங்கள். அப்புறம் வண்டிப் பரிசோதனை, உறுதிமொழிப் படிவம், கொடிகள் பற்றிய விளக்கம். மஞ்சள் என்றால் ஆபத்து, முந்தக்கூடாது. சிவப்பு என்றால் வேகத்தைக் குறைத்து பிட்டுக்கு (ட்ராக் ஓரம் கார்கள் நிற்கும் இடத்துக்கு) திரும்ப வேண்டும். நீலம் என்றால் பின்னால் வேகமான கார் வருகிறது. இதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

பெரும்பாலும் ஒரு செஷன், அதாவது ஒரு தடவை ட்ராக்கில் ஓட்டும் நேரம், 15 முதல் 20 நிமிடம். முதல் சுற்றை மெதுவாக ஓட்டி வளைவுகளை மனதில் பதியுங்கள். நேராக இருக்கும்போதே பிரேக் போட்டு முடித்து, பிறகு ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் பிடி இழந்து வண்டி சுழலலாம். முன்னால் போகிறவர் கை காட்டினால் மட்டும், அதுவும் நேர்ப்பாதையில், முந்துங்கள்.

கடைசிச் சுற்றை பிரேக்கைத் தொடாத குறையாக ஓட்டி வண்டியை ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் இழுக்க வேண்டாம். கியரில் விட்டு சக்கரத்துக்குக் கல் வையுங்கள். டயர் காற்றழுத்தம் சூட்டில் ஏறியிருக்கும், சரிபாருங்கள். சென்னை வெயிலில் நீங்களும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் வீல் நட்டு, பிரேக் இரண்டையும் மறுபடி பாருங்கள். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டே புறப்படுங்கள். ட்ராக்கிலிருந்து நேராக பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறினால் 100 கி.மீ. வேகம் கூட மெதுவாகத்தான் தெரியும்.