ஏசியில் காற்று வரவில்லையா? காஸ் அடிக்க முதல் இவற்றைப் பாருங்கள்

பழைய காரில் ஏசி சரியில்லை என்று சொன்னால் போதும், "காஸ் முடிஞ்சிருக்கும், அடிச்சு விடு" என்று பக்கத்தில் நிற்கிறவர் சொல்லிவிடுவார். காஸ் குறைந்தால் குறைவது குளிர். காற்றின் வேகத்துக்கும் காஸுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஐஸ் கட்டுவது ஒன்றுதான் விதிவிலக்கு. அதைக் கீழே சொல்கிறேன். ஆகவே காசைக் கையில் எடுக்க முதல் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: காற்று நன்றாக வந்தும் குளிர் இல்லையா, இல்லை காற்றே வரவில்லையா? முதலாவது என்றால் ஏசிக்காரரிடம் போங்கள். இரண்டாவது என்றால் அரைவாசி வேலையை நீங்களே முற்றத்தில் வைத்துப் பார்க்கலாம்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அதனால் வன்னியில் இன்றும் 25 வயது தாண்டிய கொறோலா, நிசான் சனி, லான்சர், ரவுண் ஏஸ் எல்லாம் உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. நான் சொல்வது இந்த யப்பான் வண்டிகளுக்கு. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடின ஒஸ்ரின் கேம்பிறிட்ஜை இன்னும் வைத்திருப்பவர்கள் கண்ணாடியைத் திறந்துவிட்டு ஓடலாம், உங்களுக்கு இந்தக் கரைச்சல் இல்லை.

காற்று எந்த வழியால் வருகிறது?

முன்கண்ணாடியின் அடியில், வைப்பர் இருக்கும் இடத்தில் ஒரு கிறில் உண்டு. வெளிக்காற்று அதற்குள்ளால் இறங்கும். உள்காற்றைச் சுற்றவிடும் சுவிச்சைப் போட்டால் அந்த வழி மூடி, காருக்குள் இருக்கும் காற்றையே இழுக்கும். இழுப்பது புளோவர் மோட்டர். எங்கள் கார்களில் ஸ்ரியரிங் வலப்பக்கம் என்பதால், மோட்டர் பெரும்பாலும் இடப்பக்கம், கிளவ் பொக்ஸுக்குப் பின்னால் இருக்கும். அது தள்ளும் காற்று முதலில் ஏசியின் கூலிங் கொயிலுக்குள்ளால் போகும். பிறகு ஹீற்றர் கொயில். கடைசியில் கதவு போன்ற சில தகடுகள் அதை முகத்துக்கோ காலுக்கோ கண்ணாடிக்கோ பிரித்துவிடும்.

இந்த வெயிலுக்குள் ஹீற்றர் எதற்கு என்று கேட்பீர்கள். மாரி மழையிலும் தை, மாசிப் பனியிலும் கண்ணாடி புகார் மூடும்போது வெளிக்காற்றை எடுத்து, ஏசியையும் போட்டு, கொஞ்சம் சூடும் கலந்து கண்ணாடிக்கு விட்டுப் பாருங்கள். துணியால் துடைத்துத் துடைத்து ஓடத் தேவையில்லை.

படி 1: காதைக் கொடுங்கள்

எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணாமல் திறப்பை மட்டும் திருப்புங்கள். ஏசி பட்டன் வேண்டாம். ஃபானை 1, 2, 3, 4 என்று ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள்.

சத்தமே இல்லையென்றால் படி 2. கடைசி வேகத்தில் மட்டும் சுற்றினால் படி 3. சத்தம் பலமாக இருந்தும் காற்று மெல்லியது என்றால் படி 4. "டிக் டிக்" என்று கேட்டால் ஃபானுக்குள் வேப்பிலையோ சருகோ விழுந்திருக்கும். மோட்டரைக் கழற்றி அந்தக் குப்பையை எடுத்துவிட்டால் சரி.

படி 2: ஃபான் சுற்றவே இல்லை

பியூஸ் பெட்டியின் மூடியில் ஹீற்றர் அல்லது புளோவர் என்று எழுதியிருக்கும் பியூஸை எடுத்துப் பாருங்கள். எரிந்திருந்தால் அதே அம்பியர் பியூஸைத்தான் போடவேண்டும். சிகரட் ஈயத்தாளைச் சுற்றிப் போடுகிற பழக்கத்தை இந்த இடத்தில் விட்டுவிடுங்கள். முழு வேகத்தில் இந்த மோட்டர் 15, 20 அம்பியர் வரை இழுக்கும். பியூஸ் காக்காவிட்டால் வயர்தான் எரியும்.

பியூஸ் நல்லதென்றால் ஃபானை முழு வேகத்தில் வைத்து, மோட்டரின் அடியை ஸ்குறூ டிறைவரின் பிடியால் மெதுவாகத் தட்டுங்கள். தட்டச் சுற்றத் தொடங்கினால் உள்ளே மோட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் காபன் தேய்ந்துவிட்டது. இன்னும் சில நாள் ஓடும், பிறகு நிற்கும். தட்டியும் சுற்றாவிட்டால் மோட்டரின் பிளக்கைக் கழற்றி, அதன் இரண்டு முனைக்கும் 12 வோல்ற் ரெஸ்ற் லைற்றைப் பிடியுங்கள். எரிந்தால் மோட்டர் பழுது. எரியாவிட்டால் மோட்டரில் குற்றமில்லை. றிலே, சுவிச், எர்த் என்று பின்னோக்கித் தேடவேண்டும். அதைத் தொடக்கத்தில் ஒரு வயறிங்காரரிடம் விடுவது நல்லது.

எயார் பாக் உள்ள கார் என்றால் கிளவ் பொக்ஸைக் கழற்ற முதல் பற்றறியின் நெகற்றிவ் வயரைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். சோதனைக்குப் பற்றறியைத் திரும்பக் கொடுத்த பிறகும் எயார் பாக்கின் மஞ்சள் பிளக்குகளில் கை வைக்கவேண்டாம்.

படி 3: கடைசி வேகம் மட்டும் வேலை செய்கிறது

இதற்கு அதிகம் யோசிக்கத் தேவையில்லை. ரெசிஸ்டர் போய்விட்டது. குறைந்த வேகங்களில் கரண்ட் ரெசிஸ்டருக்குள்ளால் போகும். முழு வேகத்தில் அதைத் தாண்டி நேரே மோட்டருக்குப் போகும். அதனால்தான் அந்த ஒரு வேகம் தப்பி நிற்கிறது. மோட்டருக்குப் பக்கத்தில், காற்றுப் பெட்டியில் இரண்டு ஸ்குறூவில் இருக்கும். காற்றுப் பட்டால்தான் சூடு ஆறும் என்று அங்கே வைத்திருக்கிறார்கள். கழற்றும்போது அதன் பிளக்கையும் பாருங்கள். பிளாஸ்ரிக் உருகி மண்ணிறமாகி இருந்தால் பிளக்கையும் மாற்றவேண்டும், இல்லாவிட்டால் புது ரெசிஸ்டரும் அதே வழியால் போகும். ரெசிஸ்டரில் இருக்கும் சூட்டுப் பியூஸை ஒரு துண்டு வயரால் இணைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். மலிவுதான். ஆனால் டாஷ்போர்ட்டுக்குள் நெருப்புப் பிடிக்காமல் தடுக்க வைத்த பாதுகாப்பு அது, ஓம் என்று சொல்லாதீர்கள்.

டிஜிற்றல் ஏசி உள்ள கார்களில் ரெசிஸ்டருக்குப் பதில் ரான்சிஸ்டர் இருக்கும், அறிகுறிகளும் மாறும்.

படி 4: சத்தம் இருக்கிறது, காற்று இல்லை

வன்னியில் ஏ9 வீதியை விட்டு உள்ளே இறங்கினால் பல வீதிகள் கிரவல்தான். சோளகக் காற்றுத் தொடங்கினால் அந்தச் செம்புழுதி முழுவதும் காருக்குள். ஆகவே இந்தப் படியில்தான் எங்கள் கார்கள் அதிகம் அகப்படும்.

முதலில் ஒரு சோதனை. வெளிக்காற்றில் வைத்து ஒரு ரிசுப் பேப்பரை ஏசி வாயில் பிடியுங்கள். பிறகு உள்காற்றுக்கு மாற்றுங்கள். உள்காற்றில் பலமாகவும் வெளிக்காற்றில் மெலிவாகவும் இருந்தால், அடைப்பு முன்கண்ணாடியின் கீழ்க் கிறிலில். மர நிழலில் நிற்கும் காருக்கு இது வழமை. சருகை அள்ளி எடுத்தால் முடிந்தது. இரண்டிலும் மெலிவு என்றால் அடைப்பு உள்ளே. வெளிக்காற்றில் வைத்துக் கதவுக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கக் காற்றுக் கூடினால், உள்ளே வந்த காற்று வெளியேறும் பின்பக்க வழி மூடியிருக்கிறது.

உள் அடைப்பு என்றால் கிளவ் பொக்ஸைக் கழற்றுங்கள். பில்ற்றர் உள்ள கார் என்றால் அது அங்கேதான் இருக்கும். 1990களின் கார்கள் பலவற்றில் பில்ற்றரே இல்லை. புழுதி நேரே கூலிங் கொயிலில் போய்ப் படியும். ரோச் லைற் அடித்துப் பாருங்கள். கொயிலின் மெல்லிய தகடுகள் தெரியாமல் கம்பளம் போர்த்த மாதிரி இருந்தால் கழுவவேண்டும். அதைப் பிரித்தெடுக்கக் காஸை இறக்கவேண்டி வரும், அது கராச் வேலை.

கச்சான் கோதும் பஞ்சும் கிடந்தால் எலி குடியிருக்கிறது. நெல்மூட்டைக்குப் பக்கத்தில் காரை விடுகிறவர்களுக்கு இது புதிதில்லை. எலிக்காய்ச்சல் உள்ள ஊர், ஆகவே கையுறையும் முகக்கவசமும் போட்டு, கிருமிநாசினி தெளித்து நனைத்துவிட்டு அள்ளுங்கள். காய்ந்தபடி ஊதித் தட்டவேண்டாம்.

இனி அந்த ஐஸ். பரந்தனில் நன்றாக வந்த காற்று புளியங்குளம் வர முதல் மெலிந்து, ஏசியை நிற்பாட்டி ஃபானை மட்டும் ஓடவிட்டால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் திரும்ப வருகிறதா? காருக்குக் கீழே நிறையத் தண்ணி வடிகிறதா? கொயிலில் ஐஸ் கட்டிக் காற்றை மறித்திருக்கிறது. கொயிலின் குளிரை அளக்கும் தேர்மிஸ்ரர் பழுது, பில்ற்றர் அடைப்பு, காஸ் குறைவு மூன்றும் இதைச் செய்யும். ஏசிக்காரரிடம் இந்த அறிகுறியை அப்படியே சொல்லுங்கள். தண்ணி கீழே வடியாமல் இடப்பக்கக் கால்மிதியில் நின்றால் வடிகுழாய் மண்ணால் அடைபட்டிருக்கிறது.

படி 5: காற்று இருக்கிறது, தவறான இடத்தால் வருகிறது

முகத்துக்கு வைத்தால் காலுக்கு வருகிறதா? உள்ளே இருக்கும் தகட்டை அசைக்கும் கேபிள் கழன்றிருக்கும். திருகியை முழுவதும் திருப்பி, டாஷ்போர்ட்டின் அடியில் பாருங்கள், கேபிளோடு எந்த நெம்பு அசைகிறது என்று தெரியும். கேபிளைப் பிடிக்கும் சிறிய கிளிப் உடைந்திருப்பதே வழமை.

படி 6: குளிரில் வைத்தும் சூடு வருகிறது

எஞ்சின் சூடேறிய பிறகு எஞ்சினுக்கும் காருக்கும் நடுவிலிருக்கும் தடுப்பில் நுழையும் இரண்டு ஹீற்றர் குழாய்களையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். ரேடியேற்றர் ஃபான் தானாகச் சுற்றும், கையை விலக்கி வையுங்கள். எஞ்சினின் சுடுதண்ணியை ஹீற்றருக்கு விடவும் மறிக்கவும் வால்வு உள்ள காரில் சூட்டைக் குளிருக்கு வைத்தும் இரண்டு குழாயும் சுடுகிறது என்றால் வால்வு மூடவில்லை. ஏசி குளிர்த்தாலும் ஹீற்றர் அதைத் திரும்பச் சூடாக்கிவிடும். சூட்டில் வைத்தும் ஒன்று சுட்டு மற்றது ஆறியிருந்தால் ஹீற்றர் கொயில் அடைப்பு. எங்கள் கிணற்றுத் தண்ணி கடினத் தண்ணி, அதை ரேடியேற்றருக்கு ஊற்ற ஊற்ற உள்ளே சுண்ணாம்பு படியும். கூலன்ற் ஊற்றுங்கள். சூடான எஞ்சினில் ரேடியேற்றர் மூடியை மட்டும் திறக்காதீர்கள். அமுக்கத்தில் 100 பாகைக்கு மேலே நிற்கும் தண்ணி திறந்தவுடன் முகத்துக்குத்தான் வரும்.

கண்ணாடியில் எண்ணெய்ப் படலம், இனிப்பு வாடை, ஈரக் கம்பளம் மூன்றும் சேர்ந்தால் ஹீற்றர் கொயில் ஒழுகுகிறது. பல கராச்சுகளில் இரண்டு குழாயையும் ஒன்றாக இணைத்து ஹீற்றரையே ஒதுக்கிவிடுவார்கள். அவசரத்துக்கு அது போதும், ஆனால் தை மாதப் பனிக்குக் கண்ணாடியைத் துடைக்கத் துணி ஒன்று வைத்திருங்கள்.

சாமான் வாங்கப் போனால் கழற்றிய பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். பொனற்றுக்குக் கீழே உள்ள தகட்டில் இருக்கும் மொடல் இலக்கத்தையும் போனில் படமெடுத்து வையுங்கள். வாகனச் சாமான் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து எடுப்பிக்கிறீர்கள் என்றால் பிளக்கின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். ஒரே கொறோலாவுக்கே மூன்று முள்ளும் நான்கு முள்ளும் உள்ள ரெசிஸ்டர்கள் இருக்கலாம், கடைக்காரர் பெயரைக் கேட்டு எடுத்துத் தந்தால் பஸ்ஸில் திருப்பி அனுப்ப வேண்டிவரும்.